காலை பிபி 104/64, நாடி 56: மாத்திரை கொடுக்கலாமா, நிறுத்தி வைக்கலாமா?

இரவுப்பணி:

மெடிக்கல் வார்டு. 67 வயது அம்மா, 15 வருஷமா சுகரும் பிபியும். டிரக் சார்ட்டில் காலை 8 மணிக்கு அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்ட்டன் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை ஒன்று, மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மி.கி. இரண்டு நாளா பிபி 130/78, 128/76 என்று இருந்தது. இன்றைக்குக் காலை 6 மணிக்கு டிஜிட்டல் மெஷினில் 104/64, நாடி 56. நல்லாத்தான் பேசறாங்க. ராத்திரி மூணு தடவை வயிற்றுப்போக்கு, கொஞ்சம் சோர்வு. எதுக்குக் கீழே போனா நிறுத்தணும்னு ஆர்டரில் எழுதலை.

ஒரு டியூட்டியில் "100-க்கு மேலதானே, கொடுத்துடு" என்கிறாங்க. அடுத்த டியூட்டியில் "110-க்குக் கீழன்னா ஹோல்ட், நாடி 60-க்குக் கீழன்னா மெட்டோப்ரோலாலைத் தொடாதே" என்கிறாங்க. எது சரி? ஒரே ஒரு எண் சொல்லுங்க, எழுதி டிராலியில் ஒட்டி வச்சுக்கறேன்.

வார்டு இன்சார்ஜ்:

டிராலியில் ஒட்டுற மாதிரி ஒரே எண் கிடையாது சிஸ்டர். உங்க கேள்விக்குள்ளேயே பதில் இருக்கு. ஆனா அது 104-ல இல்லை. கடைசியில போகிற போக்குல சொன்னீங்களே, "மூணு தடவை வயிற்றுப்போக்கு", அதுல இருக்கு. வயிறு போகாம 104/64 இருந்தா அது ஒரு நோயாளி. வயிறு போய் 104/64 ஆனா அது வேற நோயாளி. 128-லிருந்து ஒரே ராத்திரியில 24 இறங்கியிருக்குங்கறதையும் பாருங்க.

8 மணிக்குள்ள செய்ய வேண்டியது இது. மெஷினை நம்பாம கையால ஒரு தடவை பிபி பாருங்க. நாடியை 15 விநாடி எண்ணி நாலால பெருக்காதீங்க. ஸ்டெத்தை நெஞ்சில வச்சு முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஒழுங்கா வருதா விட்டு விட்டு வருதான்னும் கேளுங்க. அப்புறம் படுத்த நிலையில 5 நிமிஷம் ஓய்வு, ஒரு பிபி. எழுந்து நிக்க வச்சு 1-ஆவது நிமிஷமும் 3-ஆவது நிமிஷமும் பிபி, நாடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா அது நிலை மாறும்போது விழும் பிபி. நிக்கும்போது பக்கத்துல இன்னொரு ஆள் கட்டாயம் இருக்கணும், பின்னால கட்டிலோ நாற்காலியோ இருக்கணும். தலை சுத்துதுன்னு சொன்னதும் படுக்க வச்சிடுங்க. மூணாவது நிமிஷத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நிக்க முடியாதவங்களைக் கால் தொங்க உட்கார வச்சுப் பாருங்க.

பொதுவா நீர் வத்திப்போனவங்களுக்கு நிக்கும்போது நாடி துள்ளி ஏறும். இந்த அம்மாவுக்கு மெட்டோப்ரோலால் ஓடுது, 15 வருஷ சுகரால நரம்பும் மந்தமா இருக்கலாம். அதனால நாடி ஏறலைன்னு பார்த்து "நீர் குறையலை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நாக்கு காய்ஞ்சிருக்கா, நேத்து சாயங்காலத்திலிருந்து எவ்வளவு சிறுநீர் போனாங்கன்னு பாருங்க. விரல்ல குத்தி சுகரையும் பார்த்துடுங்க. சோர்வுக்குத் தாழ்சுகரும் காரணமா இருக்கலாம்; படபடப்பையும் கை நடுக்கத்தையும் மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மூடி மறைச்சிடும். வியர்வையை மட்டும் மறைக்காது.

இப்ப மாத்திரைக்கு வரலாம். டெல்மிசார்ட்டனும் தயசைடும் சேர்ந்ததுதான் (டெல்மிசார்ட்டன் எச்) இன்னைக்கு முதல் சந்தேகம். தயசைடு இருக்கிற நீரையும் சோடியத்தையும் இன்னும் வெளியேத்தும். நீர் குறையும்போது சிறுநீரகம் வடிகட்டும் அழுத்தத்தைக் காப்பாத்த ஆஞ்சியோடென்சினை நம்பித்தான் இருக்கும். அது வடிகட்டியோட வெளிவாசல் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும். டெல்மிசார்ட்டன் அந்தப் பிடியைத் தளர்த்திடும். கிரியாட்டினின் ஏறும், பொட்டாசியமும் ஏறும். அதனால வாந்தி, பேதி இருக்கிற நாள்ல இந்த மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு முதல்ல டாக்டரைக் கூப்பிடணும். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் இருந்தா அதையும் அதே அழைப்பில கேட்டுடுங்க.

அம்லோடிபினோட அரை ஆயுள் 30-லிருந்து 50 மணி நேரம். ஒரு வேளை தள்ளிப்போனா சாயங்காலமே பிபி தாண்டிக் குதிக்காது. அதே காரணத்தால, இன்னைக்கு நிறுத்தினதும் பிபி நிமிர்ந்துடும்னும் எதிர்பார்க்காதீங்க. நேத்து, முந்தாநாள் போட்டது இன்னும் வேலை செய்துக்கிட்டுதான் இருக்கு. மெட்டோப்ரோலால் மட்டும் தனிக்கதை. அதை நர்ஸ் தன்னிச்சையா நிறுத்தவும் கூடாது, கேட்காமக் கொடுக்கவும் வேண்டாம்.

டாக்டரைக் கூப்பிடும்போது "சார், பிபி லோவா இருக்கு, மாத்திரை கொடுக்கவா?"ன்னு கேட்டா "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்க: "சார், 12-ஆம் பெட், 67 வயசு, சுகர், பிபி. ராத்திரி மூணு தடவை பேதி. படுத்து 104/64, நின்னு மூணாவது நிமிஷம் 82/54, தலை சுத்துது. நாடி 56, ஒழுங்கா இருக்கு. சுகர் 118. 6 மணி நேரமா சிறுநீர் போகலை. டெல்மிசார்ட்டன் எச், அம்லோடிபின் ரெண்டும் கொடுக்காம வச்சிருக்கேன். மெட்டோப்ரோலால் கொடுக்கவா? சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் அனுப்பவா? நீர் எது, எவ்வளவு?" (எண்கள் உதாரணத்துக்கு.) அரை நிமிஷம்தான் ஆகும், ஆர்டரும் முழுசா வரும்.

சார்ட்டில் கட்டத்தைக் காலியா விடாதீங்க. காலியா இருந்தா மறந்ததா, நிறுத்தினதான்னு அடுத்த டியூட்டிக்குத் தெரியாது; 10 மணிக்கு யாராவது எடுத்துக் கொடுத்துடுவாங்க. நேரத்தைச் சுத்தி வட்டம் போட்டு, காரணம், பிபி, நாடி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீங்க, என்ன ஆர்டர், மறுபடி எப்ப பார்க்கணும்னு நர்ஸ் நோட்ஸில் எழுதுங்க. ஹோல்ட் பண்ணதுக்கு அடுத்த பிபி 2 மணி நேரத்துக்குள்ள இருக்கட்டும்.

ஐசியு கார்னர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. "நாடி 60-க்குக் கீழன்னா தொடாதே" பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் தேவையில்லாத ஹோல்ட் அதிகம் நடக்கிறது.

60 என்பது டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு நமக்குச் சொல்லித்தந்த எண். அதையே கண்ணை மூடிக்கொண்டு எல்லா பீட்டா பிளாக்கருக்கும் போடுவது பழக்கதோஷம். இதயம் பலவீனமானவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் ஓய்வில் நாடி 55-60 இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். கார்வெடிலால் 3.125 மி.கி. எடுக்கிற இதயச் செயலிழப்பு நோயாளிக்கு 96/60 அன்றாட பிபியாகவே இருக்கும். தலைசுற்றல் இல்லை, கைகால் சூடாக இருக்கிறது, சிறுநீர் போகிறது என்றால் டாக்டர் பெரும்பாலும் கொடுக்கத்தான் சொல்வார். "100-க்குக் கீழ்" என்று தினமும் நிறுத்திக்கொண்டே போனால், மூன்றாம் நாள் மூச்சிரைப்போடு நிற்பார்.

பல வார்டுகளில் எழுதி வைக்கும் எல்லை மேல் பிபி 90 அல்லது 100, நாடி 50 அல்லது 55. ஆனால் அது அந்த நோயாளியின் டாக்டர் அவருடைய சார்ட்டில் எழுத வேண்டிய எல்லை. அட்மிஷன் அன்றே ரவுண்ட்ஸில் "சார், ஹோல்ட் பண்ண எல்லை எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிட்டால் காலை 6 மணிக்கு இந்தப் பட்டிமன்றம் தேவைப்படாது.

எண் என்னவாக இருந்தாலும் பீட்டா பிளாக்கரைக் கையில் நிறுத்திக் கூப்பிட வேண்டிய இடங்கள்: நாடி 50-க்குக் கீழ், மயக்கம் வந்தது, ஈசிஜியில் புதிதாக பிளாக் (இதயத்தின் மின்துடிப்புப் பாதையில் தடை), புதிதாக வீசிங், அல்லது அதே சார்ட்டில் வெராபமில், டில்டியாசெம் இரண்டில் ஒன்று இருப்பது. கடைசிச் சேர்க்கையில் நாடி 40-க்கும் கீழே போய்விடலாம். சார்ட்டில் பார்த்தவுடனே கேள்வி கேளுங்கள்.

பீட்டா பிளாக்கரைப் போலவே திடீரென்று நிறுத்தக்கூடாத இன்னொரு பிபி மாத்திரை குளோனிடின். ஓரிரண்டு வேளை விட்டாலே முன்பிருந்ததைவிட அதிகமாக ஏறி அடிக்கும், படபடப்பும் தலைவலியும் சேர்ந்து வரும். "ஸ்டாக் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகக்கூடிய மாத்திரை அல்ல அது. பிரசோசின் நேர்மாறு: முதல் டோஸ்தான் ஆபத்து. இரவு படுக்கப் போகும்போது கொடுத்து, சிறுநீர் கழிக்க எழுந்தால் பெல் அடிக்கச் சொல்லுங்கள், பெட்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

கஃப் சைஸ்:

எல்லோரும் மருந்துக்குப் போய்விட்டீர்கள். அந்த 104 உண்மையான 104-தானா?

கையில் சுற்றும் பட்டைதான் கஃப்; அதற்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 சதவீதம் இருக்க வேண்டும், அகலம் 40 சதவீதம். பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் பிபி ஏறித் தெரியும், மெலிந்த கைக்குப் பெரிய கஃப் போட்டால் இறங்கித் தெரியும். வார்டில் ஒரே கஃபை எல்லோருக்கும் சுற்றுகிற இடத்தில், குண்டானவருக்கு வீணாக மாத்திரை கூடுகிறது. ஒல்லியானவருக்கு வீணாக ஹோல்ட் ஆகிறது. கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் 7-8 மி.மீ. கூடும், அதே அளவு மேலே இருந்தால் குறையும். ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் மேல்பக்கக் கையில் பார்த்தால் 15 வரை குறைவாக வரும். காலை 6 மணிக்கு எழுப்பாமல் பார்க்கிறோமே, அப்போது இதுதான் நடக்கிறது.

கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே இறுக்கிவிடும், கழற்றச் சொல்லுங்கள். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி மறையும் இடத்தைப் பார்த்து, அதற்கு 30 மேலே ஏற்றி, விநாடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்குங்கள். தொட்டுப் பார்க்காமல் நேரடியாக ஸ்டெத் வைத்தால், வயதானவர்களிடம் நடுவில் ஒலி மறைந்து மீண்டும் வரும் இடைவெளியில் ஏமாந்து 170-ஐ 130 என்று எழுதிவிடுவோம். முள் வைத்த அப்பாரட்டஸ் என்றால் காற்று இல்லாதபோது முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 8-ல் நிற்கும் முள்ளோடு வேலை பார்க்காதீர்கள், பயோமெடிக்கலுக்கு அனுப்புங்கள்.

நாடி ஒழுங்கற்று ஓடுகிறவருக்கு டிஜிட்டல் மெஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லும்; கையால் மூன்று முறை பார்த்துச் சராசரி எழுதுங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ள கையிலும் மார்பக அறுவை நடந்த பக்கக் கையிலும் கஃப் சுற்றக்கூடாது. அட்மிஷனில் இரண்டு கையிலும் பார்த்து, 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூடுதலாகக் காட்டும் கையைத் தினமும் பயன்படுத்தும்படி சார்ட்டில் "வலது" அல்லது "இடது" என்று எழுதிவிடுங்கள்.

இரவுப்பணி:

எல்லாருக்கும் நன்றி. கையால பார்த்தேன், படுத்து 108/66, நின்னு 86/58. டாக்டர்கிட்ட சொல்லி டெல்மிசார்ட்டன் எச், அம்லோடிபின் ரெண்டையும் நிறுத்தியாச்சு. மெட்டோப்ரோலால் கொடுக்கச் சொன்னார், ரத்தம் அனுப்பியிருக்கு, டிரிப் ஓடுது. இன்னொரு சந்தேகம்: பக்கத்து பெட்டில் பக்கவாதம் வந்தவருக்கு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய்). அவருக்கும் மெட்டோப்ரோலால் சக்சினேட்தான். எல்லாத்தையும் ஒண்ணாப் பொடிச்சுக் கரைச்சு விடறது சரியா?

மருந்தாளுநர்:

சரியில்லை. சக்சினேட் மெதுவாக 24 மணி நேரம் வெளிவரும்படி செய்த மாத்திரை. கோடு போட்டிருந்தால் இரண்டாக உடைக்கலாம்; பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும்: மதியத்துக்குள் நாடி 45, மறுநாள் விடியற்காலை பிபி ஏற்றம். டாக்டரிடம் சொல்லி டார்ட்ரேட் வகைக்கு மாற்றி, மொத்த அளவை இரண்டு வேளையாகப் பிரித்து வாங்குங்கள். நிஃபெடிபின் ரிட்டார்டும் அதே வகை. அட்டையில் எக்ஸ்எல், இஆர், எஸ்ஆர், ரிட்டார்ட் என்று இருந்தாலே உரலை எடுக்காதீர்கள்.

பொடிக்கக்கூடியவற்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகப் பொடித்து, தனித்தனியாகக் கரைத்து விடுங்கள். முன்னும் பின்னும் 15-30 மி.லி. தண்ணீர், இரண்டு மருந்துக்கு நடுவிலும் கொஞ்சம். தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர் என்றால் இதையும் உட்கொண்ட அளவுக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

டெல்மிசார்ட்டன் பற்றி ஒன்று. அந்த மாத்திரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அட்டையிலிருந்து பிரித்துக் காகித உறையில் போட்டு "காலை 1" என்று எழுதிக் கொடுப்பதும், வாரப் பெட்டியில் ஏழு நாளைக்குப் பிரித்து வைப்பதும் அதற்கு ஆகாது. மென்மையாகி உதிரத் தொடங்கும். அட்டையைக் கத்தரித்துக் குமிழோடு பெட்டியில் வையுங்கள், விழுங்கும்போது பிரிக்கட்டும்.

டிஸ்சார்ஜில் தினமும் பார்க்கும் தவறு இரட்டை டோஸ். வீட்டில் "ஏஎம்" என்று முடியும் பழைய அட்டை இருக்கும்; அதில் டெல்மிசார்ட்டனோடு அம்லோடிபினும் உண்டு. நாம் தனியாக அம்லோடிபின் கொடுத்து அனுப்புவோம். இரண்டும் உள்ளே போனால் பாதம் வீங்கும். அம்லோடிபின் வீக்கம் நீர் தங்கியதால் வருவது அல்ல, நுண்குழாய்களிலிருந்து கசிவது. ஆகவே நீர் மாத்திரை கொடுத்தாலும் வற்றாது. வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு, ஃப்ரூசமைடால் தலைசுற்றல், தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி நீளும். வீட்டு மருந்துப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லி, மேஜையில் கொட்டி, சார்ட்டோடு ஒத்துப்பாருங்கள். பையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்: டெல்மிசார்ட்டன், தயசைடு, வலிமாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் இருந்தால் சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழியில்லை. பிராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினும் பிபியை இறக்கும். நோயாளி அதை பிபி மருந்துக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

வீட்டுப் பார்வை:

டிஸ்சார்ஜுக்கு அப்புறம் நடக்கறதைப் பத்தி நான் சொல்றேன். தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. ஆனா வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள்ள போச்சான்னு அட்டையை எண்ணினாத்தான் தெரியும். 30 கொடுத்து 20 நாள் ஆச்சுன்னா 10 மிச்சம் இருக்கணும். 17 இருந்தா திட்டாதீங்க, ஏன்னு கேளுங்க. முக்கால்வாசிப் பேர் சொல்றது: "பிபி நார்மல் ஆயிடுச்சும்மா, அதான் நிறுத்திட்டேன்." மாத்திரை போடறதாலதான் நார்மல்னு புரிய வைக்கறதுதான் நம்ம வேலையில பாதி. ரெண்டாவது காரணம், விரதம். அமாவாசை, சஷ்டி, ரம்ஜான்னு "வெறும் வயித்துல எப்படிப் போடறது"ன்னு விட்டுடறாங்க. அம்லோடிபினையும் டெல்மிசார்ட்டனையும் சாப்பாட்டுக்கு முன்னாடியும் போடலாம், பின்னாடியும் போடலாம். தினம் ஒரே நேரமா இருந்தா போதும். தண்ணிகூட குடிக்காத நோன்புன்னா நீர் மாத்திரையோட நேரத்தை முன்கூட்டியே டாக்டர்கிட்ட மாத்தி வாங்கணும்.

வறட்டு இருமல்னு சொன்னா ராமிப்ரில், எனலாப்ரில் ஓடுதான்னு பாருங்க; சிரப் குடிச்சு அது போகாது, மாத்திரையை மாத்தணும். உதடோ நாக்கோ வீங்கினா அடுத்த டோஸ் கிடையாது, உடனே 108. தயசைடு ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல வயசான அம்மா குழப்பமாப் பேசினா, விழுந்தா, "வயசாயிடுச்சு"ன்னு விடாதீங்க, சோடியம் பார்க்கச் சொல்லுங்க.

உப்புக்கு ஒரு கணக்கு வச்சிருக்கோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டின ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். 20 நாள்ல தீர்ந்தா எங்க போகுதுன்னு கேளுங்க. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இதுல ஏறுறது தனி. "உப்பைக் குறைங்க"ன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, பாக்கெட் எத்தனை நாள் வருதுன்னு கேட்டாத்தான் உண்மை வரும். சோடியம் குறைச்ச உப்புன்னு கடையில விக்கறதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கு. டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் எடுக்கறவங்களுக்கும் கிட்னி கோளாறு உள்ளவங்களுக்கும் டாக்டரைக் கேக்காம வேண்டாம். இவங்களுக்கு தினம் இளநீரும் அப்படித்தான்.

180/120 பார்த்ததும் பதறி நாக்குக்கு அடியில நிஃபெடிபின் பிழியற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு. சட்டுன்னு பிபி சரிஞ்சா மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கைகால் பலவீனம், பார்வை மங்கல், குழப்பம் இதுல ஒண்ணு இருந்தா 108, வாய் வழியா எதுவும் வேண்டாம். எதுவும் இல்லைன்னா 5 நிமிஷம் உட்கார வச்சு மறுபடி பாருங்க, மாத்திரை விட்டுப்போச்சான்னு கேளுங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. விட்ட டோஸுக்காக ரெண்டாப் போடக்கூடாது.

கர்ப்பிணின்னா இந்தத் திரியில சொன்ன பாதி பொருந்தாது. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகை அவங்களுக்கு ஆகவே ஆகாது.

இரவுப்பணி:

கடைசியா ஒண்ணு. நாளைக்குக் காலை ஓ.டி. கேஸ், நடு ராத்திரியிலிருந்து என்பிஓ (வாய் வழியா எதுவும் கூடாது). பிபி மாத்திரை?

வார்டு இன்சார்ஜ்:

என்பிஓ போர்டைப் பார்த்து எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க. ஏற்கெனவே எடுக்கற பீட்டா பிளாக்கர் தொடரணும், அம்லோடிபினும் வழக்கமாத் தொடரும்; ஒரு வாய் தண்ணியில, 30 மி.லி.க்குள்ள. டெல்மிசார்ட்டன் வகையை 24 மணி நேரம் முன்னாடியே நிறுத்தச் சொல்ற மயக்க மருந்து டாக்டர்கள் அதிகம், நீர் மாத்திரை அன்னைக்குக் காலை பெரும்பாலும் வேண்டாம்பாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அவங்க பார்க்க வரும்போது ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரா "கொடு", "நிறுத்து"ன்னு எழுதி வாங்கிடுங்க. கடைசி டோஸ் எத்தனை மணிக்குன்னு ஓ.டி. செக்லிஸ்ட்டில் எழுதி அனுப்புங்க.